இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்து சொல்லலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் தோட்டக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி, தொட்டியில் வளர்க்கும் திருநீற்றுப்பச்சிலையின் இலைகள் மஞ்சளாகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பேசில் என்றால்தான் இப்போது பலருக்குப் புரிகிறது, அதே செடிதான். கேள்வி ஒரு வரி. பதில் மூன்று வரி. இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், நுண்ணூட்டக் கலவையை வாரம் ஒருமுறை இலை நனையத் தெளிக்கவும், பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல். அவ்வளவுதான்.

மஞ்சளானது மேல் இலையா, அடி இலையா? நரம்பும் சேர்ந்து வெளுத்ததா, நரம்பு பச்சையாக நிற்கிறதா? இலைக்கு அடியில் என்ன இருந்தது? இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. 18 வருடமாக நிழல்வலைக் குடிலில் புதினா, கொத்தமல்லி, பேசில், பார்ஸ்லி என்று வாசனைத் தழைகளை வளர்த்து விற்கிறவள் நான். அந்தப் பதிலைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. காரணம், அதே வைத்தியத்தை எட்டு வருடத்துக்கு முன்பு நானே செய்து, ஒரு குடில் செடியை முழுதாகத் தொலைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வடக்கு மூலையில் ஆறேழு செடிகளில்தான் தொடங்கியது. அடி இலைகளில் மஞ்சள். இலை முழுக்க அல்ல, பெரிய நரம்புகள் வரப்பு கட்டினாற்போல் நிற்க, இரண்டு வரப்புக்கு நடுவில் இருக்கும் பாத்தி மட்டும் வெளுத்திருந்தது. சத்துக்குறைவு என்று நானாக முடிவு கட்டினேன். மாலையில் தெளித்தால் இலை கருகாது என்று ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு. நான்கு நாள் விட்டு நான்கு நாள், பொழுது சாயும் நேரமாகப் பார்த்து இலை சொட்டச் சொட்ட உரக்கரைசல் அடித்தேன். இலைகள் ராத்திரி முழுக்க நனைந்தே கிடந்தன. இரண்டாவது வாரம் முடியும்போது 140 செடிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்போது என்னிடம் தழை வாங்க வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், பயிர் நோயியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். குடிலுக்குள் நுழைந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓர் இலையைக் கிள்ளி, கவிழ்த்து, என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"ஏம்மா, இதைத் திருப்பிப் பார்த்தியா?"

"இல்லை சார்."

"மேலே பார்த்தா செடி என்ன சொல்லுதுன்னு தெரியாது. அது பேசுறதெல்லாம் இலைக்கு அடியிலதான்."

மஞ்சள் பாத்திக்கு நேர் கீழே, அடிப்பக்கத்தில், சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு பொடி. தெருப்புழுதி படிந்த மாதிரி இருந்தது. நான்கூடத் துடைத்துப் பார்த்தேன், கட்டைவிரலில் கறையாக ஒட்டியது. அது புழுதி அல்ல, நோயின் வித்துகள். அடிச்சாம்பல் நோய் என்று பெயர் சொன்னார். அதை உண்டாக்கும் கிருமி பெரனோஸ்போரா பெல்பாரி. பூஞ்சை மாதிரி தெரிந்தாலும் உண்மையான பூஞ்சை இல்லை, உருளைக்கிழங்குக் கருகல் கிருமிக்குப் பங்காளி. 1930-களில் உகாண்டாவில் பேசில் செடியில் இப்படி ஒன்று வந்ததாகப் பதிவு இருக்கிறது. அப்புறம் நெடுங்காலம் சத்தமே இல்லை. 2001-இல் சுவிட்சர்லாந்து, 2003-இல் இத்தாலி, 2007-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா என்று வரிசையாகக் கிளம்பி, இன்றைக்குப் பேசில் பயிராகும் பெரும்பாலான நாடுகளில் உட்கார்ந்திருக்கிறது. இப்போதிருக்கும் அறிவியல் பெயர் வைத்ததே 2009-இல்தான். விதையோடும் வரும், காற்றோடும் வரும்.

இதில் முக்கியமான சங்கதி என்னவென்றால், இந்தக் கிருமி வித்து விடுவதற்கு இருட்டும் ஈரமும் வேண்டும். வித்து இலைக்குள் இறங்கவும் இலை ஈரமாக இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இருட்டுகிற நேரமாகப் பார்த்து ஈரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் பதிலும் அந்த வாசகிக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறது, மாலையில் என்று சொல்லாதது ஒன்றுதான் குறை.

அவர் செடிக்கு உண்மையிலேயே இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இரும்புக் குறைவு முதலில் கொழுந்தில் தெரியும். மெல்லிய நரம்புகூட வலைப்பின்னல் போலப் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் வெளுக்கும். மெக்னீசியம் குறைந்தாலும் நரம்புக்கு நடுவில்தான் வெளுக்கும், ஆனால் முதிர்ந்த இலையில் தொடங்கும். தழைச்சத்துக் குறைந்தாலும் அடி இலைதான், ஆனால் நரம்போடு சேர்த்து முழு இலையும் பழுத்த நிறமாகும். இந்த மூன்றிலும் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். இலையைத் திருப்பிப் பார்ப்பது பத்து விநாடி வேலை, காசு செலவில்லை.

சந்தேகம் தீரவில்லையா, அதற்கும் வழி இருக்கிறது. மஞ்சள் விழுந்த நாலைந்து இலைகளைப் பறித்து, நனைத்துப் பிழிந்த காகிதத்தோடு ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, வெளிச்சம் படாத இடத்தில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். காலையில் பிரித்து அடிப்பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸால் பார்த்தால், நோய் இருக்கும் பட்சத்தில் பொடி முளைத்திருக்கும். முதல் தடவை நான் பார்த்தபோது குட்டிக் குட்டி மரங்கள் அடர்ந்த காடு மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது, என்ன செய்ய. அன்றிலிருந்து அந்த லென்ஸ் ஒரு கயிற்றில் கோத்து என் கழுத்தில் தொங்குகிறது. பேத்தி அதை "பாட்டியோட மூணாவது கண்ணு" என்பாள்.

லென்ஸ் வந்த பிறகுதான் எத்தனை தடவை தப்பான எதிரியோடு சண்டை போட்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது. புதினாவில் ஒரு கோடையில் இலை மேலே ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள். பூச்சி கண்ணில் படவில்லை. படாவிட்டால் என்ன என்று பூச்சிமருந்து அடித்தேன், புள்ளிகள் கூடின. மறுபடி அடித்தேன், இன்னும் கூடின. பிறகு ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் ஒரு கொத்தைத் தட்டியபோது மிளகுத்தூளைவிடச் சிறிய துகள்கள் விழுந்து, ஒரு நிமிடம் கழித்து நடக்க ஆரம்பித்தன. செஞ்சிலந்தி. சிலந்தி வகையைச் சேர்ந்தது, வளர்ந்ததற்கு எட்டுக் கால், பூச்சியே இல்லை. பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல அதை ஒன்றும் செய்யாது. அதைத் தின்று அடக்கி வைத்திருந்த இரைவிழுங்கிச் சிலந்திகளையும் வண்டுகளையும்தான் என் மருந்து தீர்த்துக்கட்டியிருக்கிறது. இலைப்பேன் என்றால் இப்படி இருக்காது, வெள்ளி பூசினாற்போல் கீறல்களும் அதன்மேல் கறுப்புக் கழிவுப் புள்ளிகளும் இருக்கும். தத்துப்பூச்சி என்றால் புள்ளி கொஞ்சம் பெரிது, அடியில் உரித்துப் போட்ட வெள்ளைச் சட்டை ஒட்டியிருக்கும். மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்தால் "இலை வெளுக்கிறது" என்ற ஒரே வாக்கியம்தான் வரும். உங்களுக்கு வருகிற கடிதங்களும் அந்த ஒரே வாக்கியத்தில்தான் வருகின்றன.

கறிவேப்பிலையில் இலை மேல் கரி படிந்துவிட்டது, பூஞ்சைக்கொல்லி எது என்று கேட்டு வந்த ஒரு கடிதத்தை முன்பு உங்கள் பகுதியில் படித்த ஞாபகம். விரலால் துடைத்தால் அந்தக் கரி வழித்துக்கொண்டு வந்துவிடும், கீழே இலை பச்சையாகவே இருக்கும். அந்தக் கரும்பூஞ்சணம் இலையைத் தின்பதில்லை. மேலே எங்கோ செதில்பூச்சியோ அசுவினியோ சைலிட் பூச்சியோ சாற்றை உறிஞ்சிவிட்டு வடித்த இனிப்புக் கழிவின் மேல் வளர்கிறது. எறும்பு வரிசை எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் பூச்சி இருக்கும் கிளை தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டுப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது, கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பது மாதிரி.

வேரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வேரை யாரும் பார்ப்பதே இல்லை. கொத்தமல்லி ஒரு பாத்தி முழுக்க மத்தியானத்தில் துவண்டது. துவண்டால் தாகம் என்றுதானே நினைப்போம்? தண்ணீர் விட்டேன். சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்தது, அடுத்த நாள் இன்னும் துவண்டது. மறுபடி தண்ணீர். நான்காம் நாள்தான் ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவினேன். வேர் வெள்ளையாக இல்லை, தேநீர்க் கறை நிறத்தில் இருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. எலிவால் மாதிரி. தண்ணீர் தேங்கிய மண்ணில் பித்தியம் என்ற கிருமி செய்கிற வேலை அது. குடிக்க வாயில்லாத செடிக்கு நான் நான்கு நாளாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் ஊற்றிய ஒவ்வொரு குடமும் அந்தக் கிருமிக்குத்தான் போயிருக்கிறது.

பேசிலும் துவளும், ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். ஒரு முழம் வளர்ந்த செடி திடீரென்று ஒரு பக்கமாகத் தலை சாய்ந்து கொக்கி போல வளைந்தால், தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல். அது மண்ணிலேயே வருடக்கணக்கில் தங்கும். அங்கே மறுபடி பேசில் போடுவது வீண்.

புதினாத் துரு நோயில் நான் பட்டது வேறு கதை. ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் இலைக்கு அடியிலும் தண்டிலும் தெரிந்தபோது, இந்தத் தடவை சரியாகவே அடையாளம் கண்டேன். பெருமையாக இருந்தது. இளந்தளிர் வீங்கிக் கோணலாக இருந்ததும் ஒத்துப்போனது. பிற்பாடு அந்தக் கொப்புளங்கள் கறுத்ததும் துருவின் வழக்கம்தான். மண்ணடித் தண்டுகளைக் கழுவி 44 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் மூழ்கவைத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, புது மண்ணில் நட்டால் நோய் நீங்கிய செடி கிடைக்கும் என்பது நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கும் முறை. நான் வெப்பமானி தேடச் சோம்பல்பட்டுக் கையை விட்டுச் சூடு பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதானே என்று தோன்றியது. என் கைக்கு அடுப்படிப் பழக்கம், சூடு உறைக்காது. ஒரு தண்டுகூட முளைக்கவில்லை. சரி, நோயும் போய்விட்டது என்று வீட்டில் சிரித்தார்கள். அடுத்த முறை வெப்பமானி வாங்கினேன், 44-ஐத் தாண்டவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தண்டுகளின் வாரிசுகள்தான் இன்றைக்கும் என் குடிலில் இருப்பவை.

இதையெல்லாம் என் சொந்தக் கதையாகச் சொல்லிக்கொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பகுதியில் பதில் எழுதுகிறவர் விவரம் தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போன வருடம் பார்ஸ்லி இலைப்புள்ளிக்கு அவர் எழுதியது அருமையாக இருந்தது. பழுப்புப் புள்ளிக்குள் மிளகு தூவினாற்போல் கருந்துகள் தெரிந்தால் செப்டோரியா என்ற பூஞ்சை நோய் என்று ஒரே வரியில் அடையாளம் சொல்லியிருந்தார். குறை அவரிடம் இல்லை, பகுதி நடக்கிற விதத்தில் இருக்கிறது. ஒரு வரிக் கேள்விக்கு மூன்று வரிப் பதில் என்று இடம் ஒதுக்கினால் எந்த மேதையும் ஊகித்துத்தான் எழுத வேண்டும். ஊகத்தின் முடிவில் எப்போதும் ஒரு தெளிப்பு வந்து நிற்கிறது.

தழைப் பயிரில் இது மற்றதைவிட மோசம். தழை என்றால் நாம் சாப்பிடுவதே இலையைத்தான், அதுவும் பல சமயம் பச்சையாக. தோல் உரித்து எறிய எதுவும் இல்லை. இன்றைக்குத் தெளித்ததை இரண்டு நாளில் கிள்ளித் தட்டில் போடுகிறோம். மருந்து டப்பாவில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், அந்தப் பயிரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். வாசனைத் தழைகளுக்கென்று அனுமதி பெற்ற மருந்துகள் சொற்பம். வேப்பெண்ணெய்தானே, என்ன கெடுதல் என்பார்கள். உச்சி வெயிலில் அடித்து இலை பொசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அது போகட்டும், வேப்பெண்ணெய் அழுகிய வேரை ஆற்றாது. கொத்தமல்லியில் வரும் பாக்டீரியா இலைப்புள்ளிக்கும் உதவாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்க் காகிதம் போல ஒளி ஊடுருவும், நரம்பு தடுக்கிற இடத்தில் கோணமாக நிற்கும் புள்ளி அது. விதையோடு வந்து, மேலிருந்து ஊற்றும் தண்ணீர் தெறித்துப் பரவுவது. அங்கே தண்ணீர் ஊற்றும் விதத்தை மாற்றுவதுதான் வைத்தியம்.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியபோதும் இதே வழக்கு நடந்தது. மழை அதிகம், அதனால் செடி நீர் கோத்து அழுகுகிறது என்றார்கள் படித்தவர்கள். இலையில் தெரிந்த பூஞ்சணம் அழுகலால் வந்தது என்பது அவர்கள் கட்சி. 1846-இல் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பூஞ்சணம்தான் அழுகலுக்குக் காரணம் என்றார். பெரும்பாலோர் நம்பவில்லை. 1861-இல் ஜெர்மானியரான டி பேரி அதை நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால் மழை என்று சொன்னவர்களும் முழுக்கத் தப்பில்லை. கிருமி வேண்டும், இடம் கொடுக்கும் செடி வேண்டும், தோதான ஈரமும் வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் நோய் படுத்துவிடும். என் பேசில் இப்போது பிழைத்திருப்பது மருந்தால் அல்ல. செடிக்குச் செடி இடைவெளியைக் கூட்டினேன், தண்ணீரைக் காலையில் தூரில் மட்டும் விடுகிறேன், நோய் கண்ட செடியைப் பையில் மூடிக் கட்டி எடுத்துவிடுகிறேன். எதிர்ப்பு உள்ள ரகங்களும் வந்துவிட்டன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கியவை அவற்றில் சில.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. படம் எடுத்தால் நோயின் பெயரை நொடியில் சொல்கின்றன. என் பேத்தி அடிச்சாம்பல் வந்த ஓர் இலையை மேல்பக்கமாகப் படம் எடுத்துக் காட்டினாள், சத்துக்குறைவு என்றது. கவிழ்த்து எடுத்துக் காட்டினாள், நோய் என்றது. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கும் முதுகைக் காட்டினால்தான் தெரியும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். கேள்வி அனுப்பும் முகவரிக்குக் கீழே நான்கு வரி கூடுதலாகப் போடுங்கள். இலையின் மேல், அடி இரண்டு பக்கமும் படம் வேண்டும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி எடுத்த படம் வேண்டும். முதலில் எந்த இலையில், எந்த மூலையில் தொடங்கியது, எத்தனை நாளில் பரவியது என்று எழுத வேண்டும். எல்லாச் செடியிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி வந்தால் பெரும்பாலும் அது நோயாக இருக்காது, வெயிலோ உரமோ பக்கத்தில் அடித்த களைக்கொல்லியோ காரணமாக இருக்கும். ஒரு மூலையில் தொடங்கி நகர்ந்தால் உயிருள்ள ஏதோ ஒன்று நகர்கிறது. கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக என்ன செய்தோம் என்பதையும் கேளுங்கள். மனிதர்கள் இதை மட்டும் மறைப்பார்கள், நானும் மறைத்தவள்தான்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பச் சொல்லும்போது, செத்த செடியை அனுப்ப வேண்டாம் என்றும் போடுங்கள். செத்ததில் மற்ற கிருமிகள் குடியேறியிருக்கும். பாதி நோய், பாதி நலம் என்று இருக்கும் முழுச் செடியாக வேண்டும். வேரும் மண்ணும் ஒரு பையில், தண்டின் கழுத்தில் கட்டி, மண் இலையில் படாமல். இலைகளை உலர்ந்த காகிதத்தில் சுற்ற வேண்டும். ஈரத்தோடு மூடி அனுப்பினால் போய்ச் சேருவது கூழ்.

விவரம் போதாவிட்டால் "தெரியவில்லை, வேரைக் காட்டுங்கள்" என்று அச்சில் போட உங்கள் பதிலாளர் தயங்க வேண்டாம். அந்த ஒரு வரியை நான் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வேன்.

அந்த வாசகிக்கு: கலவை வாங்கியிருந்தால் இன்னும் கலக்காதீர்கள். நாளைக் காலை, பனி ஈரம் காயும் முன், அடி இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல்-ஊதாப் பொடி இருந்தால் அந்தச் செடியை ஆட்டாமல் பையைக் கவிழ்த்து மூடி, அப்படியே எடுத்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால், மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பார்த்து மறுபடி எழுதுங்கள். ஆசிரியர் அனுமதித்தால் நானே பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தழை வளர்க்கும் வாசகி ஒருத்தி

பி.கு.: பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். ஏற்கெனவே அக்கம்பக்கத்தார் இலையும் கையுமாகத்தான் வாசலில் நிற்கிறார்கள், அதுவும் மேல்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு.